பூச்சியம் கூடினால் விலை குறையும்

நிக்கான் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு டி3, டி300 என்ற இரண்டு கேமராக்களை ஒரே நாளில் அறிவித்தது. இரண்டு ஆண்டு கழித்து டி3000 வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை முதலாவதற்கு ஏறத்தாழ 5,000 டாலர், இரண்டாவதற்கு 1,800, மூன்றாவதற்கு லென்சையும் சேர்த்தே 600. பூச்சியம் ஒன்று கூடும்போதெல்லாம் விலை மடமடவென்று சரிகிறது. கேனனிலும் அதே கணக்குதான். 5டி, 50டி, 500டி, 1000டி என்று எண் பெருகப் பெருகக் கேமரா எளியதாகும், மலிவாகும். சம்பளச் சீட்டில் பூச்சியத்தை எண்ணிப் பழகிய மனிதனுக்கு இது சட்டென்று பிடிபடாது.

“மூவாயிரம் நல்லதா, முந்நூறு நல்லதா?” என்று கேட்டு வருகிறவர்களுக்கு மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கம் தொழில் செய்யும் படக்காரர் ஒருவர் நேராகப் பதில் சொல்ல மாட்டார். எதிர்க்கேள்வி ஒன்று போடுவார்: “படம் சரியா விழலன்னா ஒங்கள யாரு ஏசுவா?”

ஏசுவதற்கு ஆளே இல்லாதவர் எதை வாங்கினாலும் நட்டமில்லை. வீட்டுக்காரி மட்டும் ஏசுவாள் என்றால் கீழ்த்தட்டுக் கேமரா போதும். பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்துகொண்டு ஏசுவார்கள் என்றால் நடுத்தட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் செய்தி ஆசிரியர் ஏசுவார் என்றால் மேல்தட்டு, அதுவும் அந்த ஆசிரியரின் பத்திரிகைச் செலவில். கேமராக் கம்பெனிகள் தட்டு பிரிப்பதற்கு ஆயிரம் காரணம் வைத்திருக்கலாம். வாங்குகிறவனுக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்பது அவர் கட்சி.

அவர் பிறந்தது ரிங்லெட்டை அடுத்த தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது என்றாலும், தேயிலை இங்கே வேரூன்ற இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர் நிறைய. படக்காரரின் அப்பா கவாத்துக்கும் அம்மா கொழுந்துக்கும் போனவர்கள். அவருக்கு மட்டும் வேலைக்காடு பிடிக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் தானா ராத்தாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். விளக்கைத் தூக்கிப் பிடிப்பது, கழுவிய படங்களைக் காயப்போட்டு ஓரம் வெட்டுவது, வருகிறவர்களுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுப்பது.

அந்த ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டது ஐ.சி. படம். மலேசியாவில் பன்னிரண்டு வயதானால் அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். அதற்கு அடுத்தபடி பள்ளிக்கூட வகுப்புப் படம், கல்யாணம், சடங்கு, காது குத்து. சாவு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். சாத்திவைத்த உடலைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு படம், பல வீடுகளில் அந்தப் பாட்டியோ தாத்தாவோ இருக்கும் ஒரே படமாகவும் இருந்தது. இன்னொரு முறை எடுக்க முடியாத வேலை அது. தட்டு பற்றிய பேச்சு அவருக்கு அங்கேதான் தொடங்கியது.

முதலாளியிடம் மூன்று கேமரா இருந்தன. ஸ்டூடியோவுக்குள் யாஷிகா மேட் 124ஜி: இரண்டு கண் வைத்த பெட்டி, இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும், 120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படம். கல்யாணத்துக்கு நிக்கான் எஃப்எம்2. பையன்கள் பழக, பள்ளிப் படம் எடுக்க, பென்டாக்ஸ் கே1000. இந்தக் கே1000 உலகம் முழுவதும் மாணவர்களின் கேமராவாக 1976 முதல் 1997 வரை விற்றது. மணி வைத்துவிட்டு ஓடிப்போய் நிற்கும் வசதிகூட அதில் கிடையாது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும்.

ஒரு விஷயத்தை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில், அதே லென்ஸ் தரத்தில், கே1000 எடுத்த படத்துக்கும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேமரா உடல் எடுத்த படத்துக்கும் தாளில் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்குள்ளும் ஓடியது ஒரே கொடாக் சுருள். நிறத்தையும் துலக்கத்தையும் தீர்மானித்தது சுருளும் லென்சும் கழுவுகிறவனின் கையும். உடல் என்பது வெளிச்சம் புகாத பெட்டி, அவ்வளவுதான்.

அப்படியானால் முதலாளி ஏன் கல்யாணத்துக்கு கே1000-ஐத் தொட விடவில்லை? ஃபிளாஷ். கே1000-இல் ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் உச்ச வேகம் நொடியில் 60-இல் ஒரு பங்கு. எஃப்எம்2 வந்தபோது 200-இல் ஒரு பங்கு, பிறகு வந்த திருத்திய வடிவத்தில் 250-இல் ஒரு பங்கு. உச்சி வெயிலில், கோவில் வாசலில், மாலைக்கு மேலே நிழல் விழுந்த முகத்துக்கு ஃபிளாஷ் போட வேண்டும். 100 வேகச் சுருளில், 60-இல் ஒரு பங்கு என்றால் லென்சின் துளையை எஃப்/22 வரை இறுக்க வேண்டும். 250-இல் ஒரு பங்கு என்றால் எஃப்/11 போதும். அதே ஃபிளாஷ் இப்போது இரண்டு மடங்கு தூரத்துக்கு எட்டும். மணமக்கள் மட்டும் தெரிகிற படத்துக்கும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மாமா மச்சான்களும் தெரிகிற படத்துக்கும் இடையிலான வித்தியாசம் அதுதான். மாமாவுக்கு முகம் கருத்துப்போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் வீட்டுக் கல்யாணம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

(வேடிக்கை என்னவென்றால், ஸ்டூடியோ மூலையில் கிடந்த பழைய யாஷிகா மேட் எந்த வேகத்திலும் ஃபிளாஷோடு ஒத்துழைக்கும், 500-இல் ஒரு பங்கு வரை. அதன் ஷட்டர் லென்சுக்குள் இருந்தது. தட்டில் மேலே ஏறினால் எல்லாம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு அவர் இதை ரசித்துச் சொல்வார்.)

டிஜிட்டல் வந்ததும் இந்தக் கணக்கு புரண்டது. ஃபிலிம் இப்போது கேமராவுக்குள்ளேயே பூட்டப்பட்டுவிட்டது. மலிவான உடலை வாங்கினால் மலிவான ஃபிலிமையும் சேர்த்து வாங்கியதாக ஆனது, அதுவும் கழற்ற முடியாதபடி. 2003-இல் கேனன் 300டி லென்சோடு ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே வந்து இறங்கியபோது, தொழில்காரர்கள் அல்லாதவர் கைக்கும் டிஜிட்டல் எஸ்எல்ஆர் எட்டியது. அப்போது மலேசிய வெள்ளி (ரிங்கிட்) டாலருக்கு 3.80 என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. நேர்க் கணக்குப் போட்டாலே 3,800 வெள்ளி. தோட்டத்துப் பையன் நினைத்துப் பார்க்க முடியாத தொகை, சிறு ஸ்டூடியோ கடன் வாங்கியாவது தொட்டுவிடக்கூடிய தொகை.

அந்த 300டி-யைப் பற்றி இன்னொரு கதை உண்டு. அதே ஆண்டு வந்த, அதைவிட விலை கூடிய 10டி-க்குள்ளும் இருந்தது அதே 6.3 மெகாபிக்சல் உணரி. 10டி-க்கு உலோக உடல், 300டி-க்கு வெள்ளி நிறப் பிளாஸ்டிக். அதுபோக 300டி-யில் சில வசதிகளைக் காணோம். ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறைப்பது அதில் ஒன்று. கொஞ்ச நாளில் ஆர்வலர்கள் அதன் உள்மென்பொருளைத் திருத்தி வெளியிட்டார்கள். ஏற்றிப் பார்த்தால், இல்லை என்று நினைத்த வசதிகளில் பல உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தன. கம்பெனி பூட்டு போட்டிருந்தது, அவ்வளவே. தட்டுகளில் ஒரு பகுதி இரும்பும் கண்ணாடியும் என்றால் இன்னொரு பகுதி வியாபாரம் என்பதை அந்தச் சம்பவம் பட்டவர்த்தனமாகக் காட்டிக் கொடுத்தது.

ஆனாலும் சுமார் பத்து ஆண்டுக் காலம் தட்டு வித்தியாசம் படத்திலேயே தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிக்கான் டி3 வந்தபோது, ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படத்தை அச்சுப் போட்டு விற்க முடிந்தது. விடியற்காலைக் கல்யாணம், ஹோமப் புகை, இரண்டே குழல் விளக்கு. அங்கே கீழ்த்தட்டுக் கேமரா எடுத்த படம் மணல் தூவியது மாதிரி இருக்கும். பிறகு கீழ்த்தட்டும் மேலே வந்து சேர்ந்தது. 2013-க்கும் 2015-க்கும் இடையில் வந்த டி3300, டி5300, டி7200 மூன்றிலும் 24 மெகாபிக்சல். ஒரே லென்சை மாட்டி, முக்காலியில் வைத்து, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவை எடுத்து, எது எதிலிருந்து வந்தது என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. அந்த வகையில் உடல் மறுபடியும் பெட்டியாகிவிட்டது.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி. டி7200-இல் நினைவட்டைக்கு இரண்டு இடம், டி3300-இல் ஒன்று. கல்யாணம் எடுக்கிறவனுக்கு இதற்கு மேல் ஒரு காரணமும் தேவையில்லை. எழுதும்போதே இரண்டிலும் எழுதிவிடும். ஒரு அட்டை செத்தாலும் தாலி கட்டும் படம் பிழைத்துக்கிடக்கும். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஒற்றை அட்டைக் கேமராவோடு ஒரு வரவேற்புக்குப் போய், அட்டை படுத்துவிட, மணமக்களை மறுபடி அலங்காரம் செய்து மண்டபத்தைக் காசு கொடுத்து எடுத்துப் பாதிப் படங்களை நடித்து எடுக்கவேண்டியதாகியது. சாப்பாட்டுக் கூட்டத்தை எப்படித் திரும்ப அழைப்பது?

ஷட்டரும் அப்படித்தான். கீழ்த்தட்டில் ஷட்டர் ஒரு லட்சம் அடி தாங்கும் என்று சோதித்திருப்பார்கள், டி7200-இல் ஒன்றரை லட்சம், டி3-இல் மூன்று லட்சம். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு அடி என்று வைத்துக்கொண்டால், நூறாவது கல்யாணத்தில் நடுத்தட்டு தன் கணக்கை முடிக்கிறது. வருடத்துக்கு நாலு முறை பிள்ளையின் பிறந்தநாளும் தீபாவளியும் எடுக்கிற குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்பது பேரப்பிள்ளை காலம் வரை வரும்.

மலைக்கே உரிய சோதனை ஒன்று இருக்கிறது: பனிமூட்டம்.

இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டும். சரிவில் படுத்திருக்கும் மூட்டம் கலைய ஒன்பதும் ஆகலாம், கலையாமலே மழையாகவும் மாறலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் தேயிலைக்காடு படத்துக்கு மடங்கிக் கொடுக்கும் நேரம். வரிவரியாக வெட்டிய செடிகள், இடையில் கோடு கிழித்த மாதிரி நடைவழி, மேலே வெள்ளை. கேமராவின் ஒளிமானிக்கு அந்த வெள்ளை பிடிக்காது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கிக் காட்டுவதே அதன் பிறவிக் குணம். மூட்டம் அழுக்குத் துணி மாதிரி விழும். ஒரு படி, சில நேரம் அதற்கும் மேல், வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால்தான் பனி பனியாக இருக்கும்.

கூட்டுவது எல்லாக் கேமராவிலும் முடியும். எவ்வளவு சுலபமாக என்பதில்தான் தட்டு நிற்கிறது. நடுத்தட்டில் முன்னே ஒரு சக்கரம், பின்னே ஒரு சக்கரம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணை எடுக்காமலே வேலையை முடித்துவிடும். கீழ்த்தட்டில் ஒரே சக்கரம். மேனுவலில் எடுக்கும்போது துளையை மாற்ற ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். காலை ஏழரைக்குப் பதினைந்து பதினாறு டிகிரியில் விரல் விறைத்திருக்கும்போது அது சின்ன விஷயமில்லை.

அடுத்தது ஃபோகஸ். டி3300 குறை வெளிச்சத்தில் ஒரு எல்லைக்கு மேல் திணறும். டி7200 அதில் இரண்டு படி கூடுதலாகத் தாங்கும். இதைப் படித்துவிட்டு, மூட்டத்துக்கு விலை கூடிய கேமரா வாங்க வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. மூட்டத்தில் வெளிச்சத்துக்குக் குறைவே கிடையாது. அங்கே இல்லாதது மாறுபாடு: கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு விளிம்பு. விளிம்பு கிடைக்காவிட்டால் எத்தனை ஆயிரம் வெள்ளி உடலும் லென்சை முன்னும் பின்னும் ஓட்டித் தேடிக்கொண்டுதான் இருக்கும். நடைவழியின் ஓரத்தையோ முன் வரிசைச் செடியின் தலையையோ பிடித்துப் பூட்டிவிட்டு, பிறகு சட்டகத்தை நகர்த்த வேண்டும். இந்த வித்தைக்குக் காசில்லை.

மழைக்கு உண்டு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. மேல்தட்டு உடல்களின் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் வைத்து நீரையும் தூசியையும் தடுத்திருப்பார்கள். நடுத்தட்டில் ஓரளவு. கீழ்த்தட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் உடலுக்கு மழைக்காப்பு இருந்து, பெட்டியோடு வந்த 18–55 லென்சை மாட்டினால் என்ன பயன்? லென்சின் கழுத்தில் ரப்பர் வளையம் இல்லாததால் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். உடலுக்கு 5,000 வெள்ளி கொடுத்துவிட்டு லென்சை விட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். 2019 ஜனவரியில் கேமரன் மலை நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கு வந்து குவிந்த பத்திரிகைப் படக்காரர்கள் உடலும் லென்சும் காப்புள்ளவர்கள். தலைவர்கள் மழையில் கை கொடுத்துக்கொண்டே போனால் இவர்களும் மழையில் பின்னோக்கி நடந்தாக வேண்டும். ஒரு நொடிக்குப் பத்துப் படம், இரண்டு அட்டை, கீழே விழுந்தாலும் உடையாத உடல். மேல்தட்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்று அந்தப் பிரச்சார நாட்களில் மலை முழுவதும் பார்த்தது.

மழையைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. அது தட்டு பார்ப்பதில்லை. ஈரக் காற்றில் பைக்குள் மூடிக் கிடக்கும் லென்சின் கண்ணாடியில் சிலந்தி வலை போல நூல் விடும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஈரப்பதத்தை 40–50 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டி ஒன்று, நல்ல லென்ஸ் ஒன்றின் விலையில் சிறு பங்குதான் ஆகும். வசதி இல்லாதவர்களுக்கு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். மூன்று லென்ஸ் வைத்திருந்து உலர்பெட்டி இல்லாதவரிடம் அவர் நாலாவது லென்சைப் பற்றிப் பேசவே மாட்டார்.

குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கும் மேல். அங்கே பாசிக் காட்டோரம் விடியும் முன்னே வந்து நிற்கும் பறவைக்காரர்கள் தனி இனம். சிரிப்பான்களும் வெள்ளிக்காது மெசியாவும் தேடி வருகிறவர்கள். இவர்களுக்குத் தட்டுக் கணக்கு மீண்டும் மாறும். முழுச்சட்டக உணரி உயர்ந்தது, சிறு உணரி தாழ்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். பறவைக்காரருக்குச் சிறு உணரிதான் வரம். 300 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 450 மாதிரி எட்டும். அந்த எட்டுதலை முழுச்சட்டகத்தில் வாங்க வேண்டுமானால் லென்சுக்கே ஒரு கார் விற்க வேண்டிவரும். நிக்கான் 2016-இல் டி500 கொண்டுவந்ததும், அதற்கு முன் கேனன் 2009-இல் 7டி கொண்டுவந்ததும் இவர்களை மனதில் வைத்துத்தான்: சிறு உணரி, ஆனால் வேகமும் உடலும் மேல்தட்டு. எண்ணைப் பார்த்துத் தட்டைச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

ஆளைப் படமெடுப்பதில் அவர் சொல்வது வேறு. பெரிய உடலில் பெரிய லென்ஸ் மாட்டி வேலைக்காட்டுக்குள் இறங்கினால், கொழுந்து வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். முன்பு அங்கே நின்றவர்கள் தமிழ்ப் பெண்கள், கையால் கிள்ளினார்கள். பிறகு கத்திரி வந்தது. இப்போது இரண்டு பேர் வரிசைக்கு இருபுறமும் தூக்கிப் பிடித்து ஓட்டும் இயந்திரம். ஆட்களும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பெரிய கேமராவைக் கண்டால் அவர்களுக்கு அதிகாரி ஞாபகம் வருகிறது. முகத்தைத் துண்டால் மறைத்துக்கொள்வார்கள். முதலில் போய் உட்கார்ந்து பேச வேண்டும், எடுக்கலாமா என்று கேட்க வேண்டும், பிறகு கையளவுக் கேமராவை எடுக்க வேண்டும். ஃபுஜி 2011-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்100 மாதிரிக் கேமராக்கள், கழற்ற முடியாத ஒரே லென்சோடு, அந்த வேலைக்கு உகந்தவை. சத்தம் இல்லை, மிரட்டல் இல்லை. எந்தத் தட்டில் வைப்பது என்று கடைக்காரருக்கே குழப்பம். விலை நடுத்தட்டு, உருவம் சுற்றுலாக்காரர் கேமரா, வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தொழில்காரர்கள்.

தொழில்காரர், பொழுதுபோக்குக்காரர் என்ற கோட்டையே அவர் அவ்வளவாக மதிப்பதில்லை. அதற்கு அவர் எடுத்துக்காட்டும் ஆள் இன்னொரு கேமரன்: ஜூலியா மார்கரெட் கேமரன். மலைக்குப் பெயர் தந்தவருக்கும் இவருக்கும் சம்பந்தம் கற்பிக்க வேண்டாம். 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் படம் பழகியவர் இந்த அம்மையார். பிற்காலத்தில் இலங்கைக்குக் குடிபோய், களுத்துறையில் தோட்டத் தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் படமெடுத்தார். 1879-இல் இலங்கையிலேயே இறந்து, இன்று தேயிலை சூழ்ந்திருக்கும் பொகவந்தலாவையில் அடக்கமானார். துலக்கம் போதாது என்று அன்றைய தொழில்காரர்கள் அவர் படங்களைக் குறை சொன்னார்கள். அந்தக் குறை சொன்னவர்களின் படங்களை இன்று தேடுவார் குறைவு.

கீழ்த்தட்டை இளக்காரமாகப் பேசுவதும் அவருக்குப் பிடிக்காது. கேனன் 1993-இல் ஜப்பானில் ஈஓஎஸ் கிஸ் என்ற பெயரில் ஒரு சின்ன எஸ்எல்ஆரைக் கொண்டுவந்தது. பிள்ளைகளைப் படமெடுக்கும் தாய்மார்களைக் குறிவைத்து விற்ற கேமரா அது. எடை குறைவு, எல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். இன்று போ தோட்டத்தின் பார்வை மேடையில் நிற்கும் குடும்பங்களிடம் அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை என்கிறார். ஏழாயிரம் வெள்ளிக் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தானியங்கிப் பச்சைப் பொத்தானில் வைத்து, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குத் தேயிலையை எடுக்கிறவரைவிட, காலை எட்டு மணிக்குக் கைப்பேசியோடு வந்தவருக்கு நல்ல படம் கிடைக்கும். நடுப்பகலில் தேயிலை இலையின் மெழுகுப் பளபளப்பு பச்சையைத் தின்றுவிடும். அதை அடக்கப் போலரைசர் என்ற வட்டக் கண்ணாடி வேண்டும், புதிய உடல் வேண்டியதில்லை.

அவருக்கு உண்மையான சண்டை ஒரே இடத்தில்தான். “புதுசா கத்துக்கிறவருக்கு ஏற்றது” என்று பெட்டியில் எழுதிவைத்து விற்கிறார்களே, அங்கே. கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு எதை மாற்றினால் எது மாறுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கே1000-இல் வேகம் ஒரு திருகு, துளை ஒரு வளையம், ஊசி நடுவில் நின்றால் சரி. ஒரு மத்தியானத்தில் புரிந்துவிடும். இன்றைய கீழ்த்தட்டு உடலோ இவற்றையெல்லாம் மெனுவுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, சக்கரத்தில் மலை, பூ, ஓடும் ஆள் என்று பொம்மைகளைக் காட்டுகிறது. படம் நன்றாக வரும். ஏன் வந்தது என்று தெரியாது. அது தவிர, டி40 தொடங்கி டி3000, டி5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டாரை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் கை விலையில் மலிவாகக் கிடைக்கும் பழைய 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்சை மாட்டினால் தானாகக் குவியாது. டி90-இலும் டி7000 வரிசையிலும் குவியும். ஆக, கீழ்த்தட்டு உடல் வாங்கியவன் விலை கூடிய லென்ஸ் வாங்க வேண்டியதாகிறது. மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று?

அதனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவர் சொல்வது, புதிய கீழ்த்தட்டைவிட இரண்டாம் கை நடுத்தட்டு. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார், லென்சை விளக்குக்கு நேரே பிடித்துப் பூஞ்சை பார், பேட்டரி வீங்கியிருக்கிறதா பார், வாங்கு.

போன வருடம் ரிங்லெட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, தன் அப்பாவோடு வந்தாள். கையில் 3,500 வெள்ளி. அவர் வழக்கம்போல ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: இரண்டாம் கை டி7200, 50 மில்லிமீட்டர், சின்ன உலர்பெட்டி. பிள்ளை சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“நான் படம் ரொம்ப எடுக்கறதில்ல அங்கிள். வீடியோதான். பாட்டி கொழுந்து எடுத்த கதையெல்லாம் சொல்றாங்க, அத பதிவு பண்ணணும்.”

எஸ்எல்ஆரில் வீடியோ வந்தது 2008-இல், நிக்கான் டி90-இல். அவர் அதை வைத்திருந்த காலம் முழுவதும் அந்தப் பொத்தானைத் தொட்டதே அபூர்வம். ஈப்போவில் வீடியோ வேலை செய்யும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். அவன் மூன்று கேள்வி கேட்டான். மைக் செருகத் துளை இருக்கிறதா? பாட்டியை எடுத்துக்கொண்டே திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்க முடியுமா? ஓடும்போது முகத்தை விடாமல் ஃபோகஸ் பிடிக்குமா? டி7200-இல் மைக் துளை உண்டு. திரை திரும்பாது. வீடியோவில் ஃபோகஸ் தட்டுத் தடுமாறும். ஒரு தட்டு கீழே இருக்கும் டி5300-இல் திரையாவது திரும்பும். 2023-இல் வந்த கேனன் ஆர்50, கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கீழ்த்தட்டு உடல், மூன்றுக்கும் ஆம் என்றது.

“சித்தப்பா, கல்யாணத்துக்கு நீங்க போடற கணக்கு இதுக்கு ஆவாது,” என்றான் அவன்.

அவர் சீட்டை வாங்கி முதல் வரியை அடித்துவிட்டு ஆர்50 என்று எழுதினார். உலர்பெட்டியை அடிக்கவில்லை. அந்தக் கேமராவில் அட்டைக்கு ஒரே இடம்தான் என்று அப்பாவிடம் ஒரு முறையும் மகளிடம் ஒரு முறையும் சொல்லி, பாட்டி பேசிய அன்று இரவே வேறு டிஸ்கில் ஏற்றிவிட வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.